பாகில் தோய்த்த ஆப்பிள்

அமெரிக்காவில் வாழும் மகளின் இல்லத்திற்குச் செல்லும் தாய்மார்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களை முன்னிட்டே செல்கின்றனர். ஒன்று, மகளின் பிள்ளைப்பேறு. மற்றொன்று, பேரப்பிள்ளைகளின் பராமரிப்பு. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் நான் சென்றபோது இவ்விரண்டும் ஒருங்கே அமைந்திருந்தன. பேத்திக்கு ஏழு வயது. மகளுக்கு ஆறாம் மாதம்.

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு முழுவதும் ஆப்பிள் தோட்டங்கள் பரவிக் கிடக்கின்றன. அமெரிக்காவில் ஆப்பிள் விளைச்சலில் வாஷிங்டன் மாநிலத்திற்கு அடுத்த இடம் நியூயார்க்கிற்குத்தான். செப்டம்பரும் அக்டோபரும் அங்கு அறுவடைக் காலம். வாரவிடுமுறையில் குடும்பம் குடும்பமாகத் தோட்டங்களுக்குச் சென்று, தம் கையாலேயே பழம் பறித்து, எடைபோட்டுப் பணம் கொடுத்து வாங்கி வருவது அந்நாட்டார் வழக்கம். மேப்பிள் மரங்கள் செம்மையும் மஞ்சளுமாய் நிறம் மாறி நிற்கும் அந்நாள்களில் எங்களையும் மருமகன் அழைத்துச் சென்றார்.

தோட்டத்தின் வாயிலில் ஒரு சிறு கடை. மேசையின் மீது, குச்சி செருகிய ஆப்பிள்கள் பழுப்பு நிறப் பாகில் தோய்க்கப்பட்டு வரிசையாக நின்றிருந்தன. பேத்தி அவற்றை விட்டு நகர மறுத்தாள். மகளின் கண்களும் அங்கேயே நின்றன. கருவுற்றவளின் ஆசையை மறுக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டமல்லவா? நான் பணப்பையைத் திறந்தேன்.

“வேண்டாம் உம்மா. குச்சி வைத்த ஆப்பிளை இந்த நேரத்தில் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார்” என்றாள் மகள்.

எனக்கு வியப்பாயிருந்தது. கழுவிய பழம், கொதித்த பாகு. இவ்விரண்டில் எதில் தீங்கிருக்கக் கூடும்? அன்றிரவு மருமகன் விவரமாகச் சொல்லக் கேட்டபின் என் வியப்பு அச்சமாக மாறியது. மறுநாளே வீட்டில் செய்து பார்ப்பதென்று முடிவாயிற்று. அயல்நாடுகளில் நம் சகோதரிகள் பலர் வாழ்வதாலும், அவர்தம் இல்லங்களுக்குச் சென்று வரும் தாய்மார்கள் பெருகிவிட்டதாலும், நான் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

இப்பண்டத்தின் பழங்கதை

பழத்தைப் பாகில் தோய்த்து உண்பது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. வட சீனத்தில் குளிர்காலத் தெருக்களில், ஹாதார்ன் என்னும் புளிப்பான சிறு செங்கனிகளைக் குச்சியில் கோத்துக் கண்ணாடி போன்ற சீனிப்பாகில் தோய்த்து விற்கின்றனர். ‘தங்ஹுலு’ என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் நவம்பர் 5ஆம் நாள் இரவில் மக்கள் திறந்த வெளிகளில் தீ மூட்டி, வாணவேடிக்கை காண்பர். குளிருக்கு அடக்கமாக நின்று அப்போது அவர்கள் கடிப்பது ‘டாஃபி ஆப்பிள்’. அது பால் சேராதது. பல் பட்டால் ஒடியும் கடினப் பாகினால் ஆனது.

அமெரிக்காவில் இதன் தொடக்கத்தை நியூஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரின் மிட்டாய் வணிகர் வில்லியம் கோல்ப் என்பாரோடு சேர்த்துக் கூறுவர். 1908ஆம் ஆண்டில் அவர் லவங்கப்பட்டை மணமூட்டிய சிவப்பு மிட்டாய்ப் பாகு ஒன்றைக் காய்ச்சினார். அதைக் கடையின் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைப்பதற்காகச் சில ஆப்பிள்களை அதில் தோய்த்து நிறுத்தினார். வந்தவர்களோ மிட்டாயை விட்டுவிட்டு ஆப்பிளைக் கேட்டார்கள்! ஒன்று 5 சென்ட் விலைக்கு விற்றாராம். பாலும் வெண்ணெயும் சேர்ந்த மென்மையான ‘கேரமல்’ பாகில் தோய்க்கும் வழக்கம் பின்னால் வந்தது. 1950களில் ஒரு பெரிய உணவு நிறுவனத்தில் பணியாற்றிய டான் வாக்கர் என்பவர், விற்பனையாகாமல் மிஞ்சிய கேரமல் மிட்டாய்களை உருக்கி அதில் ஆப்பிளைத் தோய்த்துப் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது.

எந்நாட்டார் செய்தாலும், இப்பண்டத்தின் மூலப்பொருளின் பெயர் நம் பக்கத்திலிருந்து போனதே. ‘சர்க்கரா’ என்னும் வடசொல் பாரசீகத்தில் ‘ஷகர்’ ஆகி, அரபியில் ‘சுக்கர்’ ஆகி, அரபிகள் எகிப்திலும் சிசிலியிலும் ஸ்பெயினிலும் கரும்பைப் பயிரிட்டபோது ஐரோப்பிய மொழிகளில் நுழைந்து ‘சுகர்’ ஆயிற்று. நம் கற்கண்டில் உள்ள ‘கண்டு’ என்னும் சொல்லின் உறவினமே பாரசீகத்தின் ‘கந்து’. அரபியில் ‘கந்தி’ ஆகி, பிரெஞ்சின் வழியே சென்று, அமெரிக்கக் குழந்தைகள் வாய் ஓயாமல் கேட்கும் ‘கேண்டி’ ஆனது. கற்கண்டும் கேண்டியும் தூரத்து உறவினர் என்று பேத்தியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை.

அஞ்சியது ஒன்று, வந்தது வேறொன்று

அக்டோபர் 31ஆம் நாள் இரவில் அந்நாட்டுப் பிள்ளைகள் மாறுவேடமிட்டு வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்பர். ‘ஹாலோவீன்’ எனப்படும் அவ்விழாவில் நம் மக்களில் பலர் கலந்து கொள்வதில்லை. என் மகள் வீட்டிலும் அப்படியே. முற்காலத்தில் அன்றிரவு இல்லத்தரசிகள் தம் கையால் செய்த ஆப்பிள்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்தனர். 1960களின் பிற்பகுதியில், அறிமுகமில்லாதவர்கள் ஆப்பிளுக்குள் சவர பிளேடை மறைத்துக் கொடுக்கிறார்கள் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. பெற்றோர் நடுங்கினர். வீட்டில் செய்ததை வாங்காதே, கடைக்காரன் உறையிட்டு மூடியதை மட்டும் வாங்கு என்பது விதியாயிற்று.

ஜோயல் பெஸ்ட் என்னும் சமூகவியல் பேராசிரியர், 1958 தொடங்கி வந்த இத்தகைய செய்திகளைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தார். அறிமுகமில்லாத ஒருவர் அவ்விழாவில் கொடுத்த தின்பண்டத்தால் ஒரு குழந்தை இறந்ததாகவோ கடுமையாகக் காயமுற்றதாகவோ உறுதிப்பட்ட நிகழ்ச்சி எதையும் அவர் காணவில்லை. பல செய்திகள் பிள்ளைகளே விளையாட்டாகச் செய்த பொய்கள் எனத் தெரிய வந்தது.

பிளேடுக்கு அஞ்சியவர்கள் குச்சிக்கு அஞ்சவில்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் தொடங்கி 2015ஆம் ஆண்டு ஜனவரி வரை, ஆலைகளில் செய்யப்பட்டுக் கடைகளில் விற்ற கேரமல் ஆப்பிள்களால் 12 மாநிலங்களில் 35 பேர் நோயுற்றதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கெடுத்தது. 34 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 7 பேர் இறந்தனர். அவர்களுள் குறைந்தது 3 பேரின் மரணத்திற்கு இந்நோய் காரணமாயிருந்தது. நோயுற்றவர்களில் 11 பேருக்கு ஏற்பட்ட தொற்று பிள்ளைப்பேற்றோடு தொடர்புடையது. அவற்றுள் ஒரு கரு வயிற்றிலேயே இறந்தது. நல்ல உடல்நிலையிலிருந்த 5 முதல் 15 வயதுக்குட்பட்ட 3 பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது.

காரணமான கிருமியின் பெயர் ‘லிஸ்டீரியா’. மண்ணிலும் நீரிலும் இருப்பது. பழங்களைத் தரம் பிரித்துக் கட்டும் ஒரு கூடத்திலிருந்து ஆப்பிள்களோடு அது வந்ததைக் கண்டுபிடித்தனர். உடல் உறுதியுள்ளோருக்கு இக்கிருமி பெரும்பாலும் பெருந்தீங்கு செய்வதில்லை. கருவுற்ற பெண்களுக்கும், பச்சிளங் குழந்தைகளுக்கும், முதியோருக்கும், நோயால் மெலிந்தோருக்கும் அது எமன். தாய்க்குச் சாதாரணக் காய்ச்சல் போலத் தோன்றி, உள்ளிருக்கும் சிசுவைக் கொண்டு போய்விடும்.

எனினும் ஒரு கேள்வி நிற்கிறது. ஆப்பிளின் சாறு புளிப்பானது. அதில் இக்கிருமி எளிதில் வளராது. கேரமலில் நீர் மிகக் குறைவு, அதிலும் வளராது. வளர முடியாத இரண்டும் சேர்ந்த இடத்தில் எப்படி வளர்ந்தது? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் கிளாஸ் என்னும் ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டனர். குச்சியைக் குத்தும்போது பழத்தின் சாறு கசிந்து, தோலுக்கும் பாகுக்கும் நடுவே ஊறுகிறது. அந்த மெல்லிய ஈரப்படலத்தில் புளிப்பும் தணிந்து, நீரும் கிடைத்து, கிருமிக்கு ஏற்ற இடம் உண்டாகிவிடுகிறது. அறையின் வெப்பத்தில் வைத்த குச்சி செருகிய ஆப்பிள்களில் மூன்றே நாள்களில் கிருமிகள் ஆயிரம் மடங்கு பெருகின. குச்சி இல்லாதவற்றில் அவ்வளவு விரைவில் பெருகவில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்தவற்றில், குச்சி இருந்தும், முதல் ஒரு வாரம் பெருக்கம் இல்லை. அதன் பின்னரே மெல்லத் தொடங்கியது.

கொதிக்கும் பாகில் தோய்த்தால் கிருமி மடிந்துவிடாதா என்று கேட்கலாம். மேல்தோலில் உள்ளவை பெரும்பாலும் மடியும். காம்புக் குழியிலும் அடிக்குழியிலும் ஒளிந்திருப்பவை தப்பும். குச்சி குத்தப்படுவதோ அந்தக் காம்புக் குழியில்தான்!

இவற்றைக் கேட்டபின் எனக்கு ஒன்று விளங்கிற்று. வீட்டில் செய்து அன்றே உண்ட காலத்தில் இத்தீங்குக்கு வேளை இருக்கவில்லை. பத்து நாள், பதினைந்து நாள் கடை மேசையில் நின்று விற்கும் சரக்காக அது மாறியபோதே வேளை வாய்த்தது. ஆகவே இதைச் செய்ய விரும்புவோர் சிறு அளவில் செய்ய வேண்டும். அன்றே உண்ண வேண்டும். மிஞ்சினால் உடனே குளிர்ப்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாள்களுக்குள் தீர்க்க வேண்டும்.

முதல் முயற்சி

நாற்பது ஆண்டுகளாக அடுப்படியில் நிற்பவள் என்ற செருக்கோடு நான் தொடங்கினேன். மகள் கடையில் வாங்கி வைத்திருந்த பளபளக்கும் பழங்களைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, குச்சி குத்தி, பாகில் முக்கி எடுத்து வைத்தேன். பாகு கீழே இறங்கியது. இறங்கிக் கொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்தில் ஆறு ஆப்பிள்களும் மொட்டையாக நிற்க, அடியில் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு குளம். “உம்மம்மா, ஆப்பிள் ஒளு செய்கிறது” என்றாள் பேத்தி. சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

பிழைகள் மூன்று. முதலாவது, மெழுகு. அமெரிக்கச் சந்தைக்கு வரும் ஆப்பிள்களுக்குப் பளபளப்புக்காகவும் வாடாமல் இருப்பதற்காகவும் மெல்லிய பூச்சு இடுகின்றனர். பிரேசில் நாட்டுக் கார்னாபா பனையின் மெழுகு, அல்லது அரக்கு. அரக்கு மிகுதியாகக் கிடைப்பது நம் ஜார்க்கண்ட் காடுகளில் என்பதை எண்ணுகையில் உலகம் சிறியது என்றே தோன்றுகிறது. இப்பூச்சு உண்பதற்குத் தீங்கற்றதே. ஆனால் பாகு அதில் ஒட்டாது. பழங்களைக் கொதித்து இறக்கிய நீரில் சில வினாடிகள் முக்கி எடுத்து, முரட்டுத் துணியால் அழுத்தித் துடைத்தால் பூச்சு நீங்கிவிடும்.

இரண்டாவது, ஈரம். குளிர்ந்த பழத்தை வெளியே எடுத்தவுடன் அதன் மீது பனித்துளி போல நீர் படிகிறது. பழம் அறையின் வெப்பத்துக்கு வந்து, முற்றிலும் உலர்ந்த பின்னரே தோய்க்க வேண்டும்.

மூன்றாவது பிழையைச் சொல்லத்தான் நாணமாக இருக்கிறது. பாகின் பதம்! மகள் ஒரு வெப்பமானி வைத்திருந்தாள். அதைப் பாத்திரத்தில் நிறுத்தினேன். 118 பாகை காட்டியதும் இறக்கிவிட்டேன். அதன் முனை பாத்திரத்தின் அடியைத் தொட்டுக் கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. அது அளந்தது பாத்திரத்தின் சூட்டை. பாகு இன்னும் பதம் வராத பச்சைப் பாகாகவே இருந்தது.

பதம் பார்த்தல்

சிறுவயதில் என் உம்மம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது அருகில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர் வைத்திருப்பார்கள். அகப்பையிலிருந்து ஒரு சொட்டு அதில் விழும். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. கரையாமல் கூடி, விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டால் அதிரசப் பதம். கமர்கட்டுக்கு அந்த உருண்டை, தட்டில் போட்டால் ‘டக்’கென்று ஓசை எழுப்ப வேண்டும். கடலை மிட்டாய்க்கு அது கம்பியாய் விறைத்து, ஒடித்தால் சடக்கென ஒடிய வேண்டும். இவ்வளவுதான் அவர்கள் கற்ற பாடம்.

மேல்நாட்டு மிட்டாய்த் தொழிலாளரும் வெப்பமானி வருமுன் இதே கிண்ணத்து நீரைத்தான் நம்பியிருந்தனர். அவர்கள் நூல்களில் இன்றும் பாகின் நிலைகளுக்கு இருக்கும் பெயர்கள் ‘மென்உருண்டை’, ‘கெட்டி உருண்டை’, ‘உடைபதம்’ என்னும் பொருள் தருபவையே. சீனியும் நீரும் கொதிக்கையில் நீர் ஆவியாகி வெளியேற வெளியேற, எஞ்சிய கரைசலின் கொதிநிலை ஏறுகிறது. ஆகவே வெப்பத்தை அளப்பது என்பது பாகில் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்பதை அளப்பதே ஆகும். 112 முதல் 116 பாகை செல்சியஸ் வரை மென்உருண்டை. அது நம் அதிரசப் பதத்தை ஒத்தது. ஆப்பிளுக்கான கேரமலுக்கு 118 முதல் 120 பாகை: உருண்டையை நீரிலிருந்து வெளியே எடுத்தாலும் வடிவம் குலையக் கூடாது; விரலால் அழுத்தினால் மட்டும் அமுங்க வேண்டும். ஆங்கிலேயரின் டாஃபி ஆப்பிளுக்கு 150 பாகையை ஒட்டி. அப்போது பாகில் நூற்றில் ஒரு பங்கு நீரே இருக்கும். அது நம் கடலை மிட்டாயின் பதம்.

மலைப்பகுதிகளில் வாழ்வோர்க்கு ஒரு சொல். உயரம் கூடக் கூட நீரின் கொதிநிலை குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை. டென்வர் நகரிலோ கொடைக்கானலிலோ வெப்பமானியை நம்பினால் அந்த அளவைக் கழித்துக் கொள்ள வேண்டும். கிண்ணத்து நீருக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. இரண்டாம் முறை நான் வெப்பமானியை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

செய்முறை

ஆறு சிறிய ஆப்பிள்கள். புளிப்பும் உறுதியும் உள்ளவை வேண்டும். இனிப்புக்கு மேல் இனிப்பு திகட்டும். ‘கிரானி ஸ்மித்’ என்னும் பச்சை ஆப்பிளே பலரின் தேர்வு. ஆஸ்திரேலியாவில் சிட்னி அருகே மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் 1868 வாக்கில் தானாக முளைத்து நின்ற செடியின் வழித்தோன்றல் அது. அந்தப் பாட்டியின் பெயரே பழத்துக்கு நிலைத்துவிட்டது. பெரிய பழம் பார்வைக்கு அழகு. ஆனால் குழந்தையால் முடிக்க முடியாது, பாதி வீணாகும்.

பாகுக்கு: வெண்ணெய் 115 கிராம், பழுப்புச் சீனி 220 கிராம், டின்னில் வரும் இனிப்பூட்டிய கெட்டிப் பால் 200 கிராம், மக்காச்சோளப் பாகு 120 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. மக்காச்சோளப் பாகு நம் ஊரில் எளிதில் கிடைக்காது. பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் ‘லிக்விட் குளுக்கோஸ்’ அந்த இடத்தை நிரப்பும். இதை விட்டுவிடக் கூடாது. வெறும் சீனி மட்டும் இருந்தால் ஆறும்போது மீண்டும் படிகமாகி, பாகு மணல் மணலாகப் பூத்துவிடும். குளுக்கோஸ் இடையில் புகுந்து சீனி மணிகள் ஒன்று கூடாமல் தடுக்கிறது. நம் பெண்கள் லட்டுப் பாகில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவதும் இதன் பொருட்டே. புளிப்பு சீனியின் ஒரு பகுதியை உடைத்துக் குளுக்கோஸாகவும் பழச் சர்க்கரையாகவும் ஆக்குகிறது. பால் சேர்ந்த இந்தப் பாகில் எலுமிச்சை விட வேண்டாம், திரிந்துவிடும்.

மணத்துக்கு வெனிலா சேர்ப்பர். இங்கு நம் சகோதரிகள் கவனிக்க வேண்டும். ‘வெனிலா எக்ஸ்ட்ராக்ட்’ என்று அமெரிக்கக் கடைகளில் விற்பதில், அந்நாட்டு உணவு விதிப்படியே 35 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஆல்கஹால் இருக்க வேண்டும். சூட்டில் ஆவியாகிவிடும் என்று வாதிடுவோர் உண்டு. அந்த விவாதத்திற்குள் நான் புகவில்லை. ஆல்கஹால் சேராத வெனிலாவும், வெனிலாக் காயின் தூளும் அங்கேயே விற்கின்றன. நான் இரண்டு ஏலக்காயைப் பொடித்துப் போட்டேன். மருமகன் அதுவே மேல் என்றார். மாமியாரின் சமையலை அப்படித்தானே சொல்வார்! ஆப்பிளின் மேல் ஒட்டுவதற்கென்று விற்கும் பஞ்சு போன்ற ‘மார்ஷ்மெல்லோ’வில் ஜெலட்டின் இருக்கும். அது பன்றியின் தோலிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டாதலால், உறையைப் படித்து ஹலால் குறியிருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலைக்கு இந்தக் கவலை ஏதுமில்லை. சுவையும் அதற்கே கூடுதல்.

முதலில் பழங்களை ஓடும் நீரில் கழுவி, மேற்சொன்னவாறு மெழுகு நீக்கி, காம்பைத் திருகி எடுத்து, குழியையும் நன்கு துடைத்து உலர விடவும். தட்டின் மேல் எண்ணெய் தடவிய காகிதம் விரித்து, உடைத்த கடலையையும் அருகில் எடுத்து வைக்கவும். பாகு ஆயத்தமான பின் எதையும் தேடி ஓட நேரமிராது.

அடி கனமான ஆழ்ந்த பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, ஏலக்காய் தவிர மற்றவற்றையெல்லாம் சேர்த்து மிதமான தீயில் வைக்கவும். பொங்கி எழும், ஆகவே பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பலாகாது. கைவிடாமல் அடியோடு கிளறிக் கொண்டே இருக்க வேண்டும். பால் இருப்பதால் ஒரு நிமிடம் கண்ணயர்ந்தாலும் அடிப்பிடித்துக் கருந்துணுக்குகள் மேலே வந்துவிடும். தீயைக் கூட்டி விரைவுபடுத்த நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. எனக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் ஆயிற்று. நிறம் மெல்ல மெல்லப் பொன்னிறமாகிப் பழுப்பாகும். சீனி தனியே கருகி இந்நிறம் வருவதன்று. அதற்கு 160 பாகைக்கு மேல் சூடு வேண்டும். பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து இந்த நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. 1912இல் இதை முதன்முதலாக விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் மயார்டின் பெயரால் இவ்வினை வழங்குகிறது. பால்கோவா சிவப்பதும் இதனால்தான்.

நீரில் விட்டுப் பதம் பார்த்து, கெட்டி உருண்டை வந்ததும் இறக்கி, ஏலப்பொடி தூவிக் கலக்கவும். குமிழிகள் அடங்கும் வரை சில நிமிடம் ஆறட்டும். இப்போது பழங்களில் குச்சியைச் செருகவும். முன்னரே செருகி வைத்தால் சாறு கசியத் தொடங்கிவிடும். பாத்திரத்தைச் சற்றுச் சாய்த்து, பழத்தைப் பாகில் உருட்டி, தூக்கிப் பிடித்து, மிகுதியானது சொட்டி முடிந்ததும் அடியைப் பாத்திரத்தின் விளிம்பில் வழித்துவிட்டு, கடலையில் ஒருமுறை புரட்டிக் காகிதத்தில் நிறுத்தவும். அரை மணி நேரத்தில் இறுகிவிடும்.

கடினப் பாகு விரும்புவோர், சீனி 400 கிராம், நீர் 100 மில்லி, வினிகர் ஒரு தேக்கரண்டி, கோல்டன் சிரப் நான்கு மேசைக்கரண்டி எனக் கூட்டி, உடைபதம் வரும்வரை காய்ச்சலாம். இதில் சீனி கரைந்த பின் கிளறலாகாது. பதம் வந்ததும் ஆறவிடாமல் உடனே தோய்க்க வேண்டும். இலையுதிர்காலத்தின் உலர்ந்த காற்றில் இது நாள் முழுவதும் மொறுமொறுப்பாக நிற்கும். நாகப்பட்டினம், காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே நீரை இழுத்துக் கசிந்து கையில் ஒட்டும். அங்குள்ளோர் செய்த உடனே பரிமாறுவதென்றால் மட்டும் முயலலாம்.

குழந்தைகளும் கொதிபாகும்

கொதிநீர் பட்டால் வழிந்தோடிவிடும். பாகு தோலில் ஒட்டிக் கொண்டு, ஆறும்வரை சுட்டுக் கொண்டே இருக்கும். பாகு அடுப்பிலிருக்கும்போது பிள்ளைகளை அடுப்படியை விட்டு வெளியே நிறுத்துங்கள். கடலையை உடைப்பது, காகிதம் விரிப்பது, பழம் துடைப்பது ஆகிய வேலைகளை அவர்களுக்குக் கொடுங்கள். தவறிப் பட்டுவிட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஒட்டியதைப் பிய்த்தெடுக்கக் கூடாது. தோலும் சேர்ந்து வந்துவிடும். பற்பசை, பேனா மை, மாவு, நெய் எதையும் தடவ வேண்டாம். பனிக்கட்டியும் ஆகாது. கொப்புளம் பெரிதாயின் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மிகச் சிறிய பிள்ளைகளுக்கு முழு ஆப்பிளைக் குச்சியோடு கொடுப்பது மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்துடையது. கடலை அதைவிட ஆபத்து. அவர்களுக்கும், பல் ஆட்டங்கண்ட முதியோருக்கும், பழத்தை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, வெதுவெதுப்பான பாகைக் கிண்ணத்தில் ஊற்றித் தொட்டுண்ணக் கொடுப்பது நல்லது. குச்சியே இல்லாத இம்முறையைத்தான் என் மகளுக்கும் செய்து கொடுத்தேன். நறுக்கிய உடனே, அடுப்படியில் நின்றவாறே, ஒரு பழம் முழுவதையும் தொட்டுத் தொட்டு உண்டு முடித்தாள். டிசம்பர் இறுதியில், அல்ஹம்துலில்லாஹ், சுகப்பிரசவமாக ஒரு ஆண் குழந்தை பிறந்தது.

பாகு இறுகிப்போன பாத்திரத்தைச் சுரண்ட வேண்டாம். நீர் நிரப்பி அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் தானே கரைந்து வந்துவிடும். அகப்பையையும் அதிலேயே போட்டுவிடலாம்.